குடற்குவியலில் கிடக்கும் காரீயம்: கலிபோர்னியக் காண்டோர் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

1986 ஜனவரியில், கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரில், ஆய்வாளர்கள் ஏசி-3 என்று அடையாளமிட்டிருந்த ஒரு பெண் காண்டோர் (இறந்த விலங்குகளைத் தின்று வாழும் பெரிய பறவை) காரீய நஞ்சால் இறந்தது. அப்போது காட்டில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் நிலையில் எஞ்சியிருந்தது ஒரே ஓர் இணை. அந்த இணையின் பெண் பறவைதான் அது. இரத்தத்தில் நஞ்சு ஏறியிருப்பது தெரிந்து, பிடித்துக்கொண்டுவந்து, மருத்துவம் பார்த்தும் அதைக் காப்பாற்ற முடியவில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1984-இல், இறந்து கிடந்த இன்னொரு காண்டோரின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டின் சிறு துணுக்கு ஒன்று கிடைத்திருந்தது. அந்தப் பறவை குண்டடிபட்டு இறக்கவில்லை. வேறொரு விலங்கின் மேல் பாய்ந்த குண்டை அது தின்றிருந்தது.

காட்டு விலங்குகளை வேட்டையாடப் பயன்படும் காரீயக் குண்டுகளுக்கும் காரீயமில்லாத குண்டுகளுக்கும் உள்ள வேறுபாட்டை, அந்தக் காண்டோர்களின் கதையை வைத்து விளங்கிக்கொள்ள முயல்வதே இந்த ஆய்வின் நோக்கம். உலகில் வேறெந்தப் பறவையையும் இவ்வளவு நெருக்கமாக, ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, ஒவ்வொன்றின் இரத்தத்தையும் ஆண்டுதோறும் எடுத்துப் பார்த்து யாரும் தொடர்ந்ததில்லை என்றே சொல்லலாம். அதனால் பிற பறவைகளில் ஊகமாக நிற்கும் பல கேள்விகளுக்கு இங்கே விடை இருக்கிறது.

தொடங்கும் முன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்த வேண்டும். ‘ஈயம்’ என்றதும் நம் நினைவுக்கு வருவது ரசம் வைக்கும் ஈயச் சொம்பு. அது வெள்ளீயம், முறையாகச் செய்யப்பட்டிருந்தால் அதனால் தீங்கில்லை. இங்கே பேசப்படுவது காரீயம். இரண்டும் வெவ்வேறு உலோகங்கள். வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்து சொம்பு செய்வது ஏன் குற்றம் என்பதற்கும், இந்தப் பறவைகள் ஏன் இறந்தன என்பதற்கும் காரணம் ஒன்றே.

பறவையும் அதன் உணவும்

கலிபோர்னியக் காண்டோர் வட அமெரிக்காவின் மிகப் பெரிய பறக்கும் நிலப்பறவை. விரித்த சிறகுகளின் அகலம் ஏறக்குறைய ஒன்பதரை அடி. எடை எட்டு முதல் பத்து கிலோ. மொட்டைத் தலை, கறுத்த உடல், சிறகின் அடியில் வெள்ளைப் பட்டை. அது எதையும் கொல்வதில்லை. இறந்துகிடக்கும் மான், மாடு, காட்டுப்பன்றி, கடற்கரையில் ஒதுங்கும் கடற்சிங்கம், திமிங்கிலம் இவையே அதன் உணவு. அறுபது ஆண்டு வரை வாழக்கூடியது. ஆனால் ஆறு முதல் எட்டு வயதில்தான் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும். ஒரு முறைக்கு ஒரே முட்டை. குஞ்சு பறக்கப் பழகிய பிறகும் நெடுநாள் பெற்றோரைச் சார்ந்திருப்பதால் பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு குஞ்சுதான்.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் மற்றவை விளங்கும். கோழியும் புறாவும் இழப்பை ஓராண்டில் ஈடுசெய்துவிடும். காண்டோர் இனமோ, வளர்ந்த பறவைகள் நீண்ட நாள் உயிரோடு இருப்பதை மட்டுமே நம்பி நிற்கிறது. குஞ்சு ஒன்று இறப்பதைவிட, பன்னிரண்டு வயதுப் பெண் பறவை ஒன்று இறப்பது அந்த இனத்துக்குப் பன்மடங்கு பெரிய இழப்பு. வளர்ந்த பறவைகளின் இறப்புக்கு முதன்மைக் காரணமோ காரீயம்தான்.

1982-இல் உலகில் எஞ்சியிருந்தவை 22. 1984-85 குளிர்காலத்தில் மட்டும் காட்டில் இருந்த 15 பறவைகளில் ஆறு காணாமற்போயின. எல்லாவற்றையும் பிடித்துக் கூண்டில் வைப்பதா, சிலவற்றையாவது காட்டில் விட்டுவைப்பதா என்று கடும் விவாதம் நடந்தது; வழக்கு நீதிமன்றம் வரை போனது. ஏசி-3-இன் இறப்பு அந்த விவாதத்தின் போக்கை மாற்றியது. 1987 ஏப்ரலில், ஈஸ்டர் ஞாயிறன்று, காட்டில் கடைசியாகப் பறந்துகொண்டிருந்த ஏசி-9 என்னும் ஆண் பறவையும் பிடிக்கப்பட்டது. உலகிலிருந்த 27 காண்டோர்களும் சான் டியாகோ, லாஸ் ஏஞ்சலஸ் உயிரியல் பூங்காக்களின் கூண்டுகளுக்குள் வந்து சேர்ந்தன. காட்டில் ஒன்றுகூட இல்லை.

குண்டு மானுக்குள் செய்வது

வழக்கமான வேட்டைக் குண்டு, மெல்லிய செம்பு உறைக்குள் காரீயம் நிரப்பியது. அதன் எடை பத்து கிராம் அளவில் இருக்கும். ஒலியைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் அது மானின் உடலில் மோதும்போது, மென்மையான காரீயம் நசுங்கிக் காளான்போல் விரிகிறது. வேட்டைக்காரர் விரும்புவது இந்த விரிவைத்தான். குண்டு விரிந்தால் காயம் அகலமாகும், விலங்கு நெடுநேரம் துடிக்காமல் விழும். அதில் தவறொன்றும் இல்லை. நல்ல வேட்டைக்காரரின் முதல் கடமையே அது. ஆனால் விரியும் காரீயம் முழுதாக நிற்பதில்லை. அது உதிர்கிறது. எலும்பில் பட்டால் இன்னும் அதிகமாக உதிர்கிறது. உதிர்ந்தவற்றில் பல, மணலைவிடச் சிறிய துகள்கள். கையால் தடவினால் தட்டுப்படாது, கண்ணுக்கும் தெரியாது. குண்டு போன வழியிலிருந்து ஒரு சாண் தள்ளிக்கூட அவை இறைச்சிக்குள் பதிந்திருக்கும்.

மானை வீழ்த்தியவர் அதை அங்கேயே வயிற்றைக் கீறி, குடல், நுரையீரல், ஈரல் ஆகியவற்றை எடுத்துப் போட்டுவிட்டு உடலை மட்டும் கொண்டுபோவார். இறைச்சி கெடாமல் இருக்க அதுதான் வழி. குண்டு பெரும்பாலும் பாய்வது நெஞ்சுப் பகுதியில் என்பதால், துகள்கள் செறிந்த பகுதி அந்தக் குடற்குவியலோடு காட்டிலேயே தங்கிவிடுகிறது. காண்டோர், கழுகு, அண்டங்காக்கை, ஓநாய் போன்ற கயோட்டி எல்லாவற்றுக்கும் அது விருந்து. வேட்டைக்காரர் விட்டுச்செல்லும் இந்தப் பங்கை உண்டு வாழும் உயிர்கள் பல. நூற்றாண்டுகளாகக் காட்டில் நடந்துவரும் பகிர்வு இது. அதற்குள்தான் நஞ்சு இருக்கிறது.

2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைக் கண்முன் நிறுத்தியது. வேட்டைக்காரர்கள் இயல்பாகச் சுட்டுவீழ்த்திய 38 மான்களின் எச்சங்களை ஆய்வாளர்கள் எக்ஸ்ரே எடுத்தார்கள். காரீயக் குண்டால் வீழ்ந்த மான்களின் 20 குடற்குவியல்களில் 18-இல் துகள்கள் இருந்தன. ஐந்து குவியல்களில், ஒவ்வொன்றிலும் 200-க்கு மேல். கறுப்புப் படத்தில் வெள்ளைப் பொட்டுகளாக, மழைக்காலத்து இரவு வானம்போல் அல்ல, மேகமற்ற மார்கழி வானம்போல் அவை சிதறிக் கிடந்தன. அதே ஆய்வில், முழுச் செம்புக் குண்டால் வீழ்த்தப்பட்ட நான்கு மான்களையும் படம் எடுத்தார்கள். நான்கிலும் சேர்த்து எண்ணப்பட்ட துகள்கள் மொத்தம் ஆறு.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் இருப்பதுதான் இந்த ஆய்வின் மையம். செம்புக் குண்டும் விரியும். அதன் மூக்கில் உள்ள துளை காரணமாக நான்கைந்து இதழ்களாகப் பிளந்து பூப்போல் மலரும். ஆனால் செம்பு கெட்டியானது, இழுபடும், உதிராது. குண்டு தன் எடையை ஏறக்குறைய முழுமையாக வைத்துக்கொண்டே மானைத் துளைத்து வெளியேறும், அல்லது ஒரே துண்டாக உள்ளே நிற்கும். அப்படியே ஓரிரு துணுக்கு உதிர்ந்தாலும் செம்பு காரீயத்தைப் போல் பறவையைக் கொல்வதில்லை. கெஸ்ட்ரல் என்னும் சிறு வல்லூறுகளுக்குச் செம்புத் துணுக்குகளை ஊட்டிப் பார்த்த சோதனையில் நஞ்சின் அறிகுறி தென்படவில்லை.

பறவையின் வயிற்றுக்குள் போன காரீயத்துக்கு என்ன நேர்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அழுகிய பிணத்தைத் தின்று செரிக்க வேண்டிய பறவை என்பதால் அதன் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது. மனிதர் உடலில் வெகுகாலம் கரையாமல் கிடக்கக்கூடிய துகள், அங்கே விரைந்து கரைந்து இரத்தத்தில் கலக்கிறது. கால்சியத்தைப் போல் வேடமிட்டு நரம்புக்குள்ளும் எலும்புக்குள்ளும் நுழைகிறது. இரத்தம் உருவாகத் தேவையான நொதியை முடக்குகிறது. நஞ்சு ஏறிய காண்டோரில் முதலில் செயலிழப்பவற்றுள் உணவுக்குழாயும் ஒன்று. தீனிப்பை நிறைய இறைச்சி இருக்கும். அது கீழே இறங்காது. நிறைந்த தீனிப்பையோடு அந்தப் பறவை பட்டினியால் இளைத்து, சிறகு தொங்கி, தலை நிமிர்த்த முடியாமல் சாகிறது. இதற்குப் பல நாள்கள், சில வேளை வாரங்கள் ஆகும்.

மூலத்தைக் கண்டறிந்த விதம்

காரீயம் எங்கிருந்தும் வரலாம், பழைய வண்ணப்பூச்சு, பெட்ரோல் புகை, சுரங்கக் கழிவு, மண் என்று காரீயக் குண்டை ஆதரித்த எதிர்த்தரப்பினர் நெடுங்காலம் வாதிட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விடை ஐசோடோப்புகளில் கிடைத்தது. காரீயத்தில் சற்றே வேறுபட்ட எடையுள்ள பல வகை அணுக்கள் உண்டு. வெட்டியெடுத்த சுரங்கத்தைப் பொறுத்து அவற்றின் விகிதம் மாறும். நெல்லைப் பார்த்தே எந்த ஊர் மண் என்று சொல்லும் அனுபவசாலியைப் போல, 207, 206 என்னும் இரண்டு ஐசோடோப்புகளின் விகிதத்தைக் கொண்டு வேதியியலாளர் காரீயத்தின் பிறப்பிடத்தை ஊகிக்க முடியும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாக ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட முடிவு தெளிவாக இருந்தது. கூண்டிலிருந்து இன்னும் வெளியே விடப்படாத காண்டோர்களின் இரத்தத்தில் இருந்த சிறு அளவு காரீயம், சுற்றுப்புறக் காரீயத்தோடு ஒத்துப்போனது. காட்டில் பறந்து நஞ்சேறிய பறவைகளின் காரீயமோ, கடைகளில் விற்ற வேட்டைக் குண்டுகளின் விகிதத்தை நோக்கி நகர்ந்திருந்தது. வண்ணப்பூச்சு வாதத்தையும் அவர்கள் தட்டிக்கழிக்கவில்லை. பழைய தீக்கண்காணிப்புக் கோபுரம் ஒன்றின் உதிர்ந்த வண்ணத்தால் சில பறவைகள் நஞ்சேறியதைப் பின்னர் கண்டறிந்தார்கள். அந்தக் காரீயத்தின் விகிதம் குண்டின் விகிதத்திலிருந்து தனித்துத் தெரிந்தது. விதிவிலக்கைப் பிரித்துக்காட்டும் திறனே இந்த முறையின் நம்பகத்தன்மைக்குச் சான்று.

இரத்தப் பரிசோதனைக்கு ஒரு குறை உண்டு. காண்டோரின் இரத்தத்தில் காரீய அளவு ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் ஊசி குத்திப் பார்த்தால், இடையில் நடந்தது தெரியாமலே போகும். இறகு அந்தக் குறையைத் தீர்த்தது. வளரும் சிறகிறகு நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டர் நீள்கிறது. அன்றன்று இரத்தத்தில் இருந்த காரீயம் அன்றன்று வளர்ந்த பகுதியில் படிந்துவிடுகிறது. ஒரே இறகை நுனியிலிருந்து அடிவரை சிறு துண்டுகளாக நறுக்கிச் சோதித்தால், சில மாதங்களின் நாட்குறிப்பு கிடைக்கிறது. இரத்தத்தில் ‘பரவாயில்லை’ என்று காட்டிய பறவையின் இறகு, இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவே அது சாவின் விளிம்புக்குப் போய்வந்திருப்பதைக் காட்டியது. இந்த ஆய்வுத் தொகுப்பு முழுவதிலும் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்க வைத்தது இந்த இறகுதான்.

கையில் பிடித்து வாழவைக்கப்படும் கூட்டம்

1992-இல் காண்டோர்கள் மீண்டும் கலிபோர்னியக் காட்டில் விடப்பட்டன. 1996-இல் அரிசோனாவின் வெர்மிலியன் மலைமுகடுகளிலும், 1997-இல் பிக் சர் கடற்கரையிலும், பின்னர் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவிலும் விடப்பட்டன. இன்று உலகில் 500-க்கு மேற்பட்ட காண்டோர்கள் உள்ளன; அவற்றில் 300-க்கு மேல் காட்டில் பறக்கின்றன. 2019-இல் யூட்டா மாநிலத்து ஸயன் தேசியப் பூங்காவின் பாறை இடுக்கில் பொரிந்த குஞ்சை, இந்த முயற்சியின் ஆயிரமாவது குஞ்சாகக் கணக்கிட்டார்கள். 27-லிருந்து இந்த எண்ணிக்கைக்கு வந்தது பெரும் சாதனை, அதில் ஐயமில்லை.

ஆனால் ஆயிரம் குஞ்சு பொரித்தும் காட்டில் இருப்பவை சில நூறு மட்டும் என்றால், மற்றவை எங்கே போயின என்று கேட்க வேண்டும். 1992 முதல் 2009 வரை நேர்ந்த 135 இறப்புகளை ஆராய்ந்தபோது, காரணம் கண்டறியப்பட்ட வளர்ந்த பறவைகள் 15-இல் 10, காரீயத்தால் இறந்தவை. இன்றும், காரணம் தெரிந்த இறப்புகளில் ஏறக்குறைய பாதிக்குக் காரீயமே காரணம்.

உயிரோடிருப்பவையும் தாமாக வாழ்ந்துவிடவில்லை. ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ, இறந்த கன்றை உள்ளே வைத்துப் பெரிய கம்பிவலைக் கூண்டுக்குள் அவற்றை வரவழைத்துப் பிடிக்கிறார்கள். ஒருவர் தலையையும் அலகையும் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் உடலை அணைத்துக்கொள்ள, மூன்றாமவர் காலில் ஊசி குத்தி இரத்தம் எடுக்கிறார். ஒரு துளியைக் கையடக்கக் கருவியில் விட்டால் மூன்று நிமிடத்தில் எண் தெரியும். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 45 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் மருத்துவம் தேவை என்று வைத்திருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க: மனிதக் குழந்தைகளுக்கு அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021 முதல் வைத்திருக்கும் எச்சரிக்கை அளவு 3.5 மைக்ரோகிராம். அளவு மீறிய பறவைக்கு, காரீயத்தைப் பற்றி இழுத்துச் சிறுநீர்வழி வெளியேற்றும் கால்சியம் ஈடிடிஏ மருந்தை நாள்தோறும் ஊசியாகச் செலுத்துகிறார்கள். வயிற்றில் துகள் இருந்தால் எக்ஸ்ரேயில் பார்த்து வெளியேற்றுகிறார்கள். குணமானதும் காட்டில் விடுகிறார்கள். அது மீண்டும் குடற்குவியலைத் தேடிப் போகிறது. வாழ்நாளில் பல முறை இந்த மருத்துவத்துக்கு வந்துபோன பறவைகள் உண்டு.

சாண்டா குரூஸ் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, 1997 முதல் 2010 வரை கலிபோர்னியாவின் 150 பறவைகளிலிருந்து எடுத்த 1,154 இரத்த மாதிரிகளை அடிப்படையாகக் கொண்டது. ஆண்டுதோறும், பறந்து திரியும் பறவைகளில் ஐந்தில் ஒன்றுக்கு மருத்துவம் தேவைப்படும் அளவு நஞ்சு ஏறியிருந்தது. இந்த மருத்துவம் நின்றால் கூட்டம் மீண்டும் அழிவை நோக்கிச் சரியும் என்று அவர்களின் கணிப்பு சொன்னது. அந்த மீட்சியை அவர்கள் ஏமாற்றும் மீட்சி என்றார்கள். அது சரியான சொல் என்றே நான் கருதுகிறேன்.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கு இருக்கிறது. சட்டமியற்றுவோரும் வேட்டைச் சங்கத்தாரும் மற்றெதையும்விட இதையே படிக்க வேண்டும். காண்டோர் தின்னும் பிணங்களில் 200-க்கு ஒன்றில் மட்டும் காரீயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால்கூட, பத்து ஆண்டுகளில் ஒவ்வொரு பறவையும் அந்த ஒன்றைச் சந்திக்கும் வாய்ப்பு 85 முதல் 98 விழுக்காடு. ஒரே பிணத்தைப் பல பறவைகள் கூடித் தின்னும் என்பதால், ஒரு குண்டு ஒரே நாளில் பல உயிர்களைத் தொடும்.

இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. இந்தியாவில் பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) அழிந்ததும் இதே வழியில்தான். 2004-இல், டைக்ளோபெனாக் என்னும் கால்நடை வலிமருந்தே காரணம் என்று கண்டறியப்பட்டபோது, நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான மாட்டுப் பிணங்களில் அந்த மருந்து இருந்தாலே இவ்வளவு பெரிய வீழ்ச்சிக்குப் போதும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். வெண்முதுகுப் பாறு 99 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. டைக்ளோபெனாக்கே காரணம் என்று கண்டறிந்த ஆய்வை முன்னெடுத்த, வேட்டைப் பறவைகளைக் காக்கும் அமைப்பான பெரிக்ரின் நிதியம்தான் அரிசோனாவில் காண்டோர்களையும் பராமரிக்கிறது. முதுமலைக்கு அருகே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுகளைப் பற்றிக் கவலைப்படுவோருக்கும், பிக் சர் மலையில் காண்டோரின் இரத்தத்தை எடுப்போருக்கும் சிக்கல் ஒன்றே: பிணந்தின்னிகளின் விருந்தில் ஒரு பங்கு கெட்டிருந்தாலும் போதும்.

சட்டமும் சம்மதமும்

2007 அக்டோபரில் கலிபோர்னியா, காண்டோர்கள் வாழும் பகுதிகளில் பெரிய விலங்குகளையும் கயோட்டிகளையும் காரீயக் குண்டால் வேட்டையாடுவதைத் தடைசெய்தது. 2008 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. 2013 அக்டோபரில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட சட்டம், மாநிலம் முழுவதும் எல்லா வேட்டைக்கும் அந்தத் தடையை விரித்தது. படிப்படியாக நடைமுறைக்கு வந்து 2019 ஜூலை 1 அன்று அது முழுமை பெற்றது.

அரிசோனா வேறு வழியில் போனது. தடை இல்லை. 2005 முதல், காண்டோர் பகுதியில் மான் வேட்டைக்கு அனுமதிச் சீட்டு பெறுவோருக்கு, மாநில வனவிலங்குத் துறை காரீயமில்லாத தோட்டாக்களை இலவசமாகக் கொடுத்தது. அதற்கான செலவுக்கு மாநில லாட்டரி வருமானம் உதவியது. காரீயக் குண்டையே பயன்படுத்துவோர் குடற்குவியலைக் காட்டில் விடாமல் எடுத்துவர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். எடுத்துவருவோர் பெயரைக் குலுக்கலில் சேர்த்துப் பரிசும் கொடுத்தார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஒத்துழைத்தார்கள். துப்பாக்கி உரிமையை உயிராக மதிக்கும் ஒரு மாநிலத்தில் இது எளிதாகக் கிடைத்த எண் அல்ல. வேட்டைக்காரர்களை எதிரியாக நிறுத்தாமல், எக்ஸ்ரே படத்தைக் காட்டிப் பேசியதால் கிடைத்தது.

இரண்டில் எது வென்றது என்று கேட்டால், இரண்டுமே முழுமையாக வெல்லவில்லை என்பதுதான் நேர்மையான விடை. கலிபோர்னியாவில் முதல் தடைக்குப் பின் பொன்கழுகுகளிலும் வான்கோழிப் பாறுகளிலும் காரீய அளவு குறைந்ததை ஆய்வுகள் காட்டின. காண்டோர்களிலோ முதல் சில ஆண்டுகளில் தெளிவான இறக்கம் தெரியவில்லை. ஒரு காரணம், அவை நாளுக்கு நாள் காட்டுப் பறவைகளாகிக்கொண்டிருந்தன. பராமரிப்பாளர் வைக்கும் தூய உணவை விட்டு, நெடுந்தூரம் பறந்து சொந்தமாக உணவு தேடத் தொடங்கியிருந்தன. நாம் விரும்பிய மாற்றமே அவற்றுக்கு ஆபத்தை மிகுத்தது. அரிசோனாப் பறவைகள் மாநில எல்லை அறியாமல் யூட்டாவுக்குப் பறந்தன. அங்கே திட்டம் பின்னர்தான் தொடங்கியது. பத்தில் எட்டுப் பேர் மாறினாலும் மீதி இரண்டு பேரின் குண்டு, முன்சொன்ன 200-க்கு ஒன்று என்ற கணக்கை எளிதாகத் தாண்டிவிடும்.

அரசியலும் குறுக்கே வந்தது. 2017 ஜனவரி 19 அன்று, கூட்டாட்சி வனவிலங்குப் புகலிடங்களில் காரீயத் தோட்டாக்களைப் படிப்படியாக விலக்கும் ஆணை பிறப்பிக்கப்பட்டது. புதிய உள்துறைச் செயலர் மார்ச் 2 அன்று, பதவியேற்று முதல் வேலைகளில் ஒன்றாக, அதை நீக்கினார். ஆறே வாரம்.

வேட்டைக்காரர்கள் எழுப்பும் கேள்விகளை வெறும் பிடிவாதம் என்று தள்ளுவது தவறு. காரீயத்தின் அடர்த்தி 11.3, செம்பின் அடர்த்தி 8.9, ஆகவே ஒரே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். குழலுக்குள் உள்ள திருகு வரிகள் பழைய குண்டின் நீளத்துக்கு ஏற்றவை என்றால், நீண்ட குண்டு நிலையாகச் சுழலாது, குறி தவறும். விடை, சற்று எடை குறைந்த செம்புக் குண்டைத் தேர்ந்து, அது வேகமாகப் போவதைப் பயன்படுத்திக்கொள்வது. அதற்குமுன் தன் துப்பாக்கியில் எந்த வகை ஒத்துவருகிறது என்று இலக்குப் பலகையில் சுட்டுப் பார்ப்பது. விலையும் உண்மையான குறைதான்; செம்புத் தோட்டாப் பெட்டி வழக்கமானதைவிட விலை கூடுதல். ஆனால் ஒரு பருவத்தில் மான் வேட்டைக்காரர் உண்மையில் சுடும் தோட்டாக்கள் சிலவே. பண்ணைக்காரரின் நிலை வேறு: பயிரை நாசமாக்கும் காட்டுப்பன்றிகளையும் தரை அணில்களையும் ஆண்டு முழுதும் அவர் சுடுகிறார். பிக் சர் பகுதியில் வெண்டானா வனவிலங்குச் சங்கம் 2012 முதல் பண்ணைக்காரர்களுக்கு இலவசச் செம்புத் தோட்டாக்களைக் கொடுத்துவந்தது இதை உணர்ந்துதான். பின்னர் வேறு நோக்கத்தில் வந்த தோட்டா விற்பனைக் கட்டுப்பாடுகள் அந்த விநியோகத்தையே கடினமாக்கின. காரீயத்தைத் தடைசெய்த மாநிலமே செம்பைக் கையில் கொடுப்பதையும் சிக்கலாக்கியது வருத்தத்துக்குரியது.

முழுச் செம்புக் குண்டு புதிய பரிசோதனையும் அல்ல. பார்ன்ஸ் நிறுவனம் அதை 1989-இலேயே சந்தைக்குக் கொண்டுவந்தது. காண்டோருக்காக அல்ல, பெரிய விலங்குகளை ஆழமாகத் துளைக்கும் என்பதற்காக. டென்மார்க், 2024 ஏப்ரல் 1 முதல் ரைஃபிள் வேட்டையிலும் காரீயத்தைத் தடைசெய்துவிட்டது. அங்கே வேட்டை நின்றுவிடவில்லை. வேட்டைக்காரரின் வீட்டுச் சாப்பாட்டு மேசையும் இதில் அடங்கும். 30 மான்களின் இறைச்சியைப் பொட்டலமாக்கி எக்ஸ்ரே எடுத்த 2009 ஆய்வில், பத்தில் எட்டு மான்களின் இறைச்சியில் குறைந்தது ஒரு பொட்டலத்திலாவது உலோகத் துகள் இருந்தது. அந்த இறைச்சியைத் தின்ற பன்றிகளின் இரத்தத்தில் காரீயம் ஏறியது. தன் குழந்தைகளுக்குக் காட்டு இறைச்சியைப் பெருமையோடு பரிமாறும் ஒருவருக்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

காண்டோரோடு இது முடியவும் இல்லை. 2022-இல் சயின்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வு, 38 மாநிலங்களின் 1,210 வெண்தலைக் கழுகுகளையும் பொன்கழுகுகளையும் சோதித்தது. ஏறக்குறைய பாதிப் பறவைகளின் எலும்பில் நெடுநாள் நஞ்சேற்றத்தின் தடயம் இருந்தது.

சிறு துப்பாக்கிகள்

கலிபோர்னியாவின் வடமேற்கு மூலையில், கிளாமத் ஆற்றங்கரையில் வாழும் யூரோக் பழங்குடியினர் காண்டோரை ப்ரேகோனீஷ் என்று அழைக்கிறார்கள். உலகைப் புதுப்பிக்கும் அவர்களின் சடங்குகளில் அதன் இறகுக்கு இடமுண்டு. ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்த வானத்தில் காண்டோர் இல்லை. பதினைந்து ஆண்டுக்கும் மேலான தயாரிப்புக்குப் பின், வேட்டைக்காரர்களிடம் காரீயமில்லாத தோட்டாக்களைப் பற்றி ஊர் ஊராகப் பேசிய பின், 2022 மே மாதத்தில், முதல் பறவைகளை அவர்கள் திறந்துவிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தின் முதல் இறப்பு 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. ஒன்றரை வயது ஆண் பறவை, காரணம் காரீயம். அதன் உணவுப்பாதையில் கிடைத்தது பெரிய ரைஃபிளின் குண்டு அல்ல. காற்றுத் துப்பாக்கியின் குண்டு என்று கருதப்படும் சிறு துண்டு.

மாநிலச் சட்டம் வெடிமருந்தால் இயங்கும் துப்பாக்கிகளைத்தான் கட்டுப்படுத்துகிறது. காற்றுத் துப்பாக்கி அதன் வரையறைக்குள் வரவில்லை. தரை அணிலையும் எலியையும் சுட வீட்டுக்கு வீடு இருக்கும் பாயிண்ட் 22 என்னும் சிறு குழல் துப்பாக்கி சட்டத்துக்குள் வந்தாலும், அதற்கேற்ற காரீயமில்லாத தோட்டா கிடைப்பது அரிது. கிடைப்பவையும் எடை குறைந்தவை என்பதால் பல துப்பாக்கிகளில் குறி சரியாக வருவதில்லை. மான் வேட்டைக்காரர் தன் விலங்கின் பெரும்பகுதியை வீட்டுக்குக் கொண்டுபோகிறார். அணிலைச் சுடுபவர் முழு உடலையும், அதற்குள் உள்ள முழுக் குண்டையும், சுட்ட இடத்திலேயே விட்டுவிடுகிறார். இனி கவனம் போக வேண்டிய இடம் இதுவே: காற்றுத் துப்பாக்கிக் குண்டுகளைச் சட்டத்துக்குள் கொண்டுவருவது, பாயிண்ட் 22-க்கு நம்பத்தகுந்த மாற்றுத் தோட்டா செய்யும் நிறுவனங்களுக்கு அரசு ஆதரவு தருவது, அதுவரை சுட்ட சிறு விலங்கைக் குழிதோண்டிப் புதைக்கச் சொல்லிப் பண்ணை பண்ணையாகப் போய்ப் பேசுவது. யூரோக் பணியாளர்கள் இந்த மூன்றாவது வேலையை இன்றும் செய்துகொண்டிருக்கிறார்கள். பறவைகளைப் பிடித்து இரத்தம் எடுப்பதும் தொடர்கிறது.